மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோன புளித்த மோர்

பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பது என் தொழில். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அளவு நோட்டில் கை, மார்பு, கழுத்து இறக்கம் என்று எழுதியதைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. பல ஊர் பார்த்தவர்களும் பேசத் தெரிந்தவர்களும் இருக்கும்போது, போடிநாயக்கனூரைத் தாண்டி அதிகம் போகாத ஒரு டெய்லர் பயணக் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. தாளுக்கு முன்னால் கொஞ்சம் வருகிறது.

போனது நானும் சேகரும். சேகர் மினி பஸ் ஓட்டுகிறவன். பார்க்கப் போனது அப்பாஸை. மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அப்பாஸ் என் கடைக்கு எதிரே பல வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கட்டிடம் போய்விட்டது. எட்டு மாதத்துக்கு முன்பு குடும்பத்தோடு கொச்சிக்கு, மட்டாஞ்சேரியில் இருக்கும் மனைவி வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேரும் என் வீட்டில் கேக் செய்வோம். ஐம்பதை நெருங்கும் மூன்று ஆண்கள் சேர்ந்து கேக் செய்வார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. மழை பெய்த ஒரு நாள் அப்பாஸ் போனில் பார்த்த ஒரு வீடியோவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் மனைவி வசந்தா ஒரு பழைய குக்கரை எங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, நல்ல குக்கரைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். குக்கரில் மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் அதுவே அடுப்பு. வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்போம். ஒருமுறை ஆமை செய்தோம். செருப்பு மாதிரி வந்தது. சேகர் தன் மினி பஸ்ஸையே கேக்காகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். பீட்ரூட் சாறில் நிறம், முறுக்கில் சக்கரம். தூக்கும்போது பின்சக்கரம் இரண்டும் கழன்றன. "ரூட்ல போறப்பவே இப்படித்தான்டா ஆகும்" என்று அவனே சொல்லிக்கொண்டு அதைத் தின்றான்.

இந்த விளையாட்டில் உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. அது என்னுடைய கருப்பட்டி கேக். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு நானாகக் கண்டுபிடித்தது. தெருவில் கல்யாணம், காதுகுத்து என்றால் "டெய்லர் கேக்" வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் பெயர் வந்தது. பேசத் தெரியாதவனுக்கு அது பெரிய விஷயம். பாகு ஆற வேண்டும் என்பதால் காலையிலேயே காய்ச்சி, அதில் அரை டம்ளர் புளித்த மோரையும் ஊற்றிக் கலந்து மூடி வைத்துவிடுவேன். இவர்கள் மதியம் வரும்போது கறுப்பாக ஒரு பாத்திரம் மட்டும் இருக்கும். அதில் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கொச்சிக்குப் போன பிறகுதான் அப்பாஸ் போனில் கேட்டான். மாவு எவ்வளவு, முட்டை எத்தனை, ஆப்பசோடா எவ்வளவு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தான். "அப்புறம்?" என்றான். "பால் அரை டம்ளர்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், அப்பாஸ் நன்றாகப் பேசுகிறவன். அவன் கை பட்ட எதுவும் கொஞ்ச நாளில் அவனுடையதாகிவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். புளிப்பு இல்லாமல் சோடா வேலை செய்யாது. கேக் எழும்பாது, சோப்புக் கசப்பு கசக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அடுத்த நாள் கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மூன்று தடவை செய்து மூன்று தடவையும் கெட்டுப் போன பிறகு அவனிடமிருந்து போன் வந்தது. அவன் மைத்துனன் நாசர் பஜார் ரோட்டில் சாயாக்கடை வைத்திருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை கேக் நன்றாக வந்தால், கடையின் முன்பக்கம் இருக்கும் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை அப்பாஸுக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வராவிட்டால் ஒரு சுக்குக் குடோனில் காவல் வேலை பேசி வைத்திருக்கிறான். மனைவி வீட்டில் எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு வேறு வழியில்லை.

"மணி, ரெண்டு நாள் வா மாப்ள. சேகரையும் கூட்டிட்டு வா. நல்லா சாப்பிடுவோம், ஊரைச் சுத்துவோம். ஞாயித்துக்கிழமை நீ என் கண்ணு முன்னாடி ஒருதடவ செஞ்சு காட்டு, போதும்" என்றான்.

அந்தக் 'கண்ணு முன்னாடி' என்ற வார்த்தை என்னைக் குத்தியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது, சாப்பாடு போட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று தோன்றியது. போகாவிட்டால் இன்னும் சந்தேகம் வரும். அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மூன்று நாள் புளித்த மோரை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் பாகில் அரை டம்ளர் ஊற்றிவிட வேண்டியது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் எர்ணாகுளம் படகுத்துறையில் நின்றோம். போடியில் இந்த நேரத்துக்கு மலைக் காற்று காய்ந்து வீசும். இங்கே காற்றே ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. படகைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இது எப்படி மிதக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் படகு மட்டாஞ்சேரிக்குப் போகிறது என்று விசாரிக்கலாம் என்றேன். சேகருக்கு டிரைவர் புத்தி. கூட்டம் எந்த வண்டியில் ஏறுகிறதோ அதுதான் சரியான வண்டி என்பான். கூட்டத்தோடு ஏறினோம்.

நடுத்தண்ணீரில் போகும்போது என் மடியில் இருந்த பை சீறியது. முதலில் எனக்குப் புரியவில்லை. வெயிலும் குலுக்கலும் சேர்ந்து மோர் பொங்கியிருக்கிறது. அடுத்த நிமிடம் மூடி பிய்த்துக்கொண்டு போக, பை முழுக்க நனைந்து என் வேட்டியில் வடிந்தது. புளிப்பு வாடை படகு முழுக்கப் பரவியது. எதிரே மீன் கூடையோடு இருந்த பெண்ணே மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துப் பெண்ணிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். சேகருக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும். காதோடு எனக்குச் சொன்னான். 'முகத்தைப் பார்த்தால் சாது மாதிரி இருக்கிறது, காலையிலேயே பையில் கள்ளோடு கிளம்பிவிட்டார்' என்றாளாம்.

"என்னடா இது?" என்று சேகர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். பாதிதான் மிச்சம் இருந்தது.

"மோரு. வயித்துக்கு" என்றேன்.

"வயித்துக்கு என்ன?"

"சரியில்ல."

அவன் மூடியைத் தேடி எடுத்து, பாட்டிலில் திருகித் தந்தான். மேலே கேட்காதது எனக்கு உறுத்தியது.

படகு போய் நின்ற இடம் வைப்பின். நாங்கள் ஏறியது தப்பான படகு, மட்டாஞ்சேரி தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரியும் காரும் ஆட்களும் ஒன்றாக ஏறுகிற ஜங்கார் ஒன்றில் மறுபடி தண்ணீரைக் கடந்து கோட்டைக் கொச்சிக்கு வந்தோம். சேகர் வழி முழுக்க, லாரியைத் தண்ணீரில் ஏற்றுவதற்கு அந்த டிரைவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பேசிக்கொண்டே வந்தான். அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டு, மீட்டர் காட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். போடியில் அப்படி யாரும் செய்ததில்லை. நான் இறங்கிப் பையில் எல்லாம் இருக்கிறதா என்று இருமுறை தடவிப் பார்த்தேன்.

அப்பாஸ் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் எங்களுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றிருக்கிறான். போன் செய்ததும் ஓடி வந்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டே என் ஈரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இவ்வளவு பொறுமை அவனிடம் இருந்ததில்லை.

வீடு பஜார் ரோட்டுக்குப் பின்னால். இரண்டு பக்கமும் மிளகு, சுக்கு, அரிசிக் குடோன்கள். நடந்தாலே தும்மல் வந்தது. வீட்டில் அப்பாஸின் மனைவி ரம்லா, அவளுடைய அம்மா. அந்த அம்மாவை எல்லோரும் உம்மா என்றே கூப்பிட்டார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் ராகம் மலையாளம்.

காலைக் கழுவி உள்ளே போவதற்குள் சேகர் கூடத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டான். "மணிக்கு வயிறு சரியில்ல. மோர் கையோட கொண்டு வந்திருக்கான்."

உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயறு கேடான ஆளுக்கு எண்ணெயும் எறச்சியும் ஆகாது மோனே. கஞ்சி மதி" என்றார். மதி என்றால் போதும். அதோடு என் இரண்டு நாள் சாப்பாடு முடிவாகிவிட்டது.

அன்று மதியம் அந்த வீட்டில் சமைத்தவற்றை நான் வாசனையாகத்தான் அறிவேன். நெய்ச்சோறு, தேங்காய்ப்பாலில் வைத்த மீன், பொரித்த கரிமீன். எல்லாவற்றுக்கும் மேலே உம்மாவின் சட்டிப் பத்திரி. பத்திரி என்கிற மெல்லிய ரொட்டிகளை முட்டையில் நனைத்து, நடுநடுவே இறைச்சியை வைத்து அடுக்கி, சட்டியை மூடிக் கீழேயும் மூடி மேலேயும் கனலை வைத்து வேக வைக்கிறார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மூடியின் மேல் உள்ளங்கையைக் காட்டியே சூடு எவ்வளவு என்று கணக்குப் பண்ணினார். குக்கரும் மணலும் வைத்து நாங்கள் செய்ததெல்லாம் இந்த அம்மாவுக்குச் சிறுபிள்ளை விளையாட்டு. இவ்வளவு தெரிந்தவருக்கு அப்பாஸின் கேக்கில் என்ன குறை என்று தெரியாமலா இருக்கும்?

எனக்கு மாடியில் பாய். மட்டை அரிசிக் கஞ்சி, உப்பு, சுட்ட பப்படம் ஒன்று. உம்மாவே கொண்டு வந்து வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். இது தண்டனைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கீழே சேகர் "இன்னொண்ணு வைங்கம்மா" என்று சொல்வது கேட்டது.

"அப்பாஸ் கேக்கு செஞ்சது சொன்னானா?" என்று உம்மா திடீரென்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"மூணையும் நானே தின்னு தீர்த்தேன். சாயாவில முக்கினா இறங்கும். வெளியே போட்டா நாசரு பேசத் தொடங்கும். அவனுக்குச் சிரிக்க ஒரு காரியம் கிட்டினாப் போதும்" என்றார். பிறகு குரலைக் குறைத்து, "வீட்டு மாப்பிள்ளையாச்சே" என்றார்.

எழுபது வயதுக்கு மேலே இருக்கும். சோப்புக் கசப்புக் கசக்கும் மூன்று கேக்குகள். கஞ்சியைப் பாதியிலேயே கீழே வைத்தேன். என் வயிறு உண்மையிலேயே சரியில்லை என்று நினைத்து உம்மா பப்படத்தைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்கு அப்பாஸ் எங்களைச் சாயாக்கடைக்குக் கூட்டிப் போனான். மூட்டை தூக்குகிறவர்கள் தோள் துண்டோடு நின்று குடிக்கும் கடை. முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பழம்பொரியும் பருப்புவடையும் இருந்தன. கீழ்த்தட்டு காலி. அப்பாஸ் அதைக் காட்டவில்லை. ஆனால் அவன் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது. போடியில் கடை இருந்தபோது ஷட்டரைத் தூக்கியதும் கண்ணாடியைத் துடைப்பான். இங்கேயும் பேச்சுக்கு நடுவில், தன் துண்டால் அந்தக் கண்ணாடியில் இருந்த ஒரு விரல் தடத்தைத் துடைத்தான்.

நாசருக்கு நாற்பது வயதிருக்கும். சேகருக்குப் பழம்பொரியும் இறைச்சிக் கறியும் வைத்தான். வாழைப்பழ பஜ்ஜியை இறைச்சியில் தொட்டுத் தின்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். சேகர் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். எனக்குப் பாலில்லாத கட்டன் சாயா.

"அண்ணே, வயறு எப்படி?" என்றான் நாசர்.

"பரவால்ல."

"கேக்கில முக்கியமான சாமான் எதுண்ணே?"

சாயாவை ஒரு வாய் குடித்தேன். "எல்லாமே முக்கியம்தான்" என்றேன்.

"அது சரி. ஒண்ணு விட்டாலும் போச்சு, அல்லே?" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆளுக்குச் சாயா ஆற்றப் போனான். ஆற்றும்போதும் என்னைத்தான் பார்த்தான்.

அங்கிருந்து கடற்கரைக்குப் போனோம். பெரிய மூங்கில் கழிகளில் கட்டிய வலையை ஐந்து ஆட்கள் கயிறு பிடித்துத் தூக்குவதை எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். வலையில் கைப்பிடி மீன்தான் இருந்தது. இது மீன் பிடிக்கவா, படம் பிடிக்கவா என்று எனக்குச் சந்தேகம். அப்பாஸ் கடலை வாங்க அந்தப் பக்கம் போனான். அப்போதுதான் சேகர் என் முழங்கையைத் தொட்டான்.

"மத்தியானம் கீழ ஒரு சண்டை. நீ மேல இருந்த."

"என்ன சண்டை?"

சேகர் சொன்னது இது. சாப்பிடும்போது நாசர் பேச்சோடு பேச்சாக, 'போடிக்காரர் எதையோ மறைச்சிருக்கார், அதான் அளியன் கேக்கு எழும்பல' என்று சிரித்திருக்கிறான். அளியன் என்றால் அக்கா புருஷன். அப்பாஸ் சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டான். மணியைப் பற்றி அப்படிப் பேசினால் அலமாரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், குடோனுக்கே போய்க்கொள்கிறேன் என்று எழுந்திருக்கிறான். ரம்லா வந்து இருவரையும் உட்கார வைத்தாளாம். இந்தப் பேச்சு மூன்று மாதமாகவே வீட்டில் நடக்கிறதாம். எங்களை வரவழைத்ததே நாசரின் வாயை அடைக்கத்தானாம்.

"உன்னையப் பத்தி அவன் அவ்ளோ பெருசா பேசுறான். எனக்கே கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்றான் சேகர். பிறகு, "அந்த மீன் காரத்தாலயும் இருக்கலாம்" என்றான்.

நான் இத்தனை நாளாகத் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். எல்லோருக்கும் என் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. இல்லாத ஒரே ஆள் அப்பாஸ். அவன் கடலைப் பொட்டலத்தோடு வந்து, "நீ ஒண்ணு ரெண்டு திங்கலாம், உம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்று நாலு கடலையை எண்ணி என் கையில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்குப் புட்டும் கடலைக் கறியும். கூடவே முட்டைமாலை என்று ஒன்று. முட்டை மஞ்சளை நூல் நூலாகச் சர்க்கரைப் பாகில் இழுத்தது. மஞ்சள் நூல்கண்டை அவிழ்த்துத் தட்டில் போட்ட மாதிரி இருந்தது. டெய்லர் என்பதால் அதையாவது கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். உம்மா தட்டை நகர்த்திவிட்டு எனக்குக் கஞ்சியை வைத்தார்.

பத்து மணிக்கு அடுப்படிக்குப் போனேன். அடுப்படி ஜன்னலில் என் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அது கெட்டுப் போச்சு மோனே. நாத்தம். நேத்தே கொட்டிட்டேன்" என்றார் உம்மா.

அங்கே குக்கருக்குப் பதில் சட்டி, மணலுக்குப் பதில் கல்லுப்பு. அப்பாஸ் என் பக்கத்தில் ஒரு நோட்டோடு நின்றான். நான் மாவைச் சலித்தால் சலித்தது என்று எழுதினான். கருப்பட்டியைத் தட்டினால் எத்தனை தட்டு என்றுகூட எழுதினான். மேல் தட்டில் மீன் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர் பாட்டில் என் கண்ணில் பட்டது. ஒரு கரண்டி போதும். உம்மா கனலைக் கிளறத் திரும்பும்போது, அப்பாஸை ஏலக்காய் இடிக்கச் சொல்லிவிட்டு ஊற்றிவிடலாம். கேக் எழும்பும். நாசர் வாயடைப்பான். அலமாரி கிடைக்கும்.

பாகு ஆறுகிற நேரம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. இன்று நான் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். நாளை இவன் இந்த நோட்டைப் பார்த்துத் தனியாகச் செய்வான். பாலை ஊற்றுவான். அலமாரியில் வைத்த முதல் கேக்கே சோப்பாக இருக்கும்.

ரம்லா பால் பாத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அரை டம்ளர்தானேண்ணே?"

"பால் வேண்டாம்" என்றேன்.

"பின்னே?"

"மோரு. புளிச்ச மோரு."

உம்மா ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாஸ் நோட்டின் முன் பக்கங்களைப் புரட்டினான். போனில் நான் சொன்னபோது எழுதிய பக்கம் அதில் இருந்தது. எண்ணெய் பட்டு மஞ்சளாகியிருந்தது. விரல் வைத்துப் படித்தான்.

"நான் தப்பா எழுதிட்டனாடா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

"இல்ல. நான்தான் பால்னு சொன்னேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அப்பாஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏன்டா என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் நோட்டில் பால் என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புளித்த மோர் என்று எழுதினான். வீட்டில் இருந்தது பாக்கெட் தயிர், அது புளிக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய், நாலு வீடு தள்ளி இருக்கும் கொங்கணிக்காரர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் புளித்த தயிர் வாங்கி வந்தான். தண்ணீர் விட்டுக் கடைந்து, அவனே அளந்து, அவனே ஊற்றினான். எதைச் சேர்த்தாலும் "அடுத்து?" என்று மட்டும் கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, நோட்டைப் பார்த்துக் கேட்டான். சட்டியில் வைத்து மூடியதும் உம்மா மூடி மேல் கையைக் காட்டிப் பார்த்து, இரண்டு கனலை எடுத்துக் கீழே போட்டார்.

கேக் எழும்பியது. போடியில் என் கையால்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

மூன்று மணிக்கு அதைச் சாயாக்கடைக்குக் கொண்டு போனோம். மூட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாசர் வெட்டினான். முதல் துண்டைத் தானே தின்றான். மென்று முடித்துவிட்டு விரலை நக்கினான். மூட்டைக்காரர்களில் வயதான ஒருவர், இந்த மாதிரி பஞ்சாக இருந்தால் பல் இல்லாதவன்கூடத் தின்னலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்லாருக்கு" என்றான் நாசர். அப்பாஸைப் பார்த்தான். "சொல்லு அளியா. மூணு தடவ எங்க தப்பாச்சு?"

சேகர் என்னைப் பார்த்தான். அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அடுப்படியில் அவன் இல்லை.

"தீ" என்றான் அப்பாஸ். "எனக்குத் தீயோட அளவு தெரியல. கூட்டி வச்சுட்டேன். மணி வந்துதான் காட்டிக் கொடுத்தான்."

"எட்டு மாசமா ஒரு அடுப்ப பத்த வைக்கத் தெரியாத ஆளா நீ?" என்றான் நாசர். மூட்டைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். ஒருவர் அப்பாஸின் முதுகில் தட்டினார். அப்பாஸும் சிரித்தான். "போடிக்காரரை நான் வெறுதே தப்பா நினைச்சேன்" என்று நாசர் என் பக்கம் வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரிதான். தீ இல்லை, நான்தான் என்று. பத்துப் பேர் நின்றார்கள். என் வாயில் கேக் இருந்தது. அதை மென்றுகொண்டே தலையை ஆட்டினேன். நாசர் காலியாக இருந்த தட்டைக் காட்டி, "நாளையிலேருந்து கீழ்த்தட்டு உனக்கு" என்று அப்பாஸிடம் சொன்னான்.

மாலையில் அப்பாஸ் படகுத்துறை வரை வந்தான். சேகரிடம் பஸ்ஸைப் பற்றியும், சேகரின் மகள் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டு முன்னால் நடந்தான். எந்தப் படகில் ஏற வேண்டும் என்று அவனே கேட்டு வந்து, எங்களை ஏற்றிவிட்டான். கடைசியாக ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தான். துணியில் கட்டிய சட்டிப் பத்திரி, இன்னும் சூடு இருந்தது.

"உம்மா குடுத்தாங்க. வயிறு நல்லாத்தான இருக்கு உனக்கு" என்றான்.

"நல்லாருக்கு" என்றேன்.

படகு நகர்ந்ததும் சேகர் பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டு துண்டு தின்றுவிட்டு, கடையில் அப்பாஸ் சொன்னது நிஜமா என்று கேட்டான். இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொட்டலத்தைக் கட்டி என் மடியில் வைத்தான். மூன்றாவது துண்டை எடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்குக் கடையைத் திறந்து, ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்தேன். மதியம் சேகர் மினி பஸ்ஸைக் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தன் போனுக்கு அப்பாஸ் அனுப்பிய ஒரு போட்டோவைக் காட்டினான். கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் கேக் இருந்தது, நாலு துண்டு ஏற்கெனவே போயிருந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.